ஏழரை மணிக் குரல்

தயாரிப்பாளரின் அறைச் சுவர் முழுக்கப் புகைப்படங்கள். எல்லாவற்றிலும் தயாரிப்பாளர் சிரித்துக்கொண்டிருந்தார். நேரில் மட்டும் அவர் முகம் களையிழந்து கிடந்தது.

“நாலு நாளா ஆளைக் காணோம்,” என்றார். “போலீஸுக்குப் போனா பத்திரிகைக்குப் போன மாதிரி. அதான் உங்களைக் கூப்பிட்டேன்.”

எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பெண்கள் விடுதி ஒன்றில் பாதி ஆயுசைக் காப்பாளராகக் கழித்துவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். சுவர் ஏறிக் குதித்துத் திரும்பிய பெண்கள், ‘தோழி ரூம்ல படிச்சுட்டிருந்தேன் மேடம்’ என்று சொன்னதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது பக்குவப்பட்டிருந்தது. தொழில் மாறியும் பெயர் மாறவில்லை. எல்லோருக்கும் அவர் வார்டன்தான்.

பக்கத்தில் அமர்ந்து மேஜைமேல் இருந்த பிஸ்கட்டுகளைக் காலி செய்துகொண்டிருந்தவன் அவருடைய உதவியாளன். முன்பு டப்பிங் கலைஞன். நாயகனுக்கோ வில்லனுக்கோ குரல் கொடுத்தவன் அல்ல. மாடியிலிருந்து விழுகிற அடியாட்களுக்கு ‘ஆ’ என்று கத்துவது அவன் வேலை. உயரமான மாடி என்றால் கொஞ்சம் கூடுதலாகக் கத்த வேண்டும். அந்த வட்டாரத்தில் அவனுக்கு வைத்த பெயர் அலறல். அது ஒட்டிக்கொண்டது.

“காணாமப் போனது யாரு?” என்று கேட்டார் வார்டன்.

“எங்க ஏழரை மணித் தொடரோட கதாநாயகி. ஊரே தன் வீட்டு மருமகள்னு கொண்டாடற பொண்ணு. மூணு வருஷமா அழுதுட்டிருக்கா.”

“எதுக்கு?”

“தொடர்லங்க. மாமியார் கொடுமை.”

“வீட்ல யாரும் தேடலையா?”

“தேடறதுக்கு யாரும் இல்ல. நல்ல பொண்ணுதான். மாத்திரைப் பழக்கம் இருக்குன்னு செட்ல பேசிக்கறாங்க. மேக்கப் ரூம்ல ஒரு மாத்திரைப் பட்டை கிடைச்சுது. முழிச்சிருக்க ஒண்ணு, தூங்க ஒண்ணு. நான் கண்டுக்கல. வேலை நடக்குதில்ல.”

“அவங்க உயிருக்கு ஏதாச்சும் ஆயிருக்குமோன்னு பயப்படறீங்க.”

“பின்ன? வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் எடுத்து வெச்ச காட்சி இருக்கு. அவளைக் கோமாவுல போட்டுடலாம்னு கதாசிரியர் சொல்றார். கோமாவுல படுக்கறதுக்கும் ஆள் வேணுமே.”

“முகம் பூரா கட்டுப் போட்டுடுங்க சார்,” என்றான் அலறல். “கட்டைப் பிரிக்கும்போது வேற மூஞ்சி வந்துடும்.”

தயாரிப்பாளர் அவனை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார். “தம்பி கதை எழுதுவீங்களா?”

“கடைசியா எப்பப் பேசினீங்க?” என்று வார்டன் பேச்சைத் திருப்பினார்.

“இன்னைக்குக் காலையில. புது நம்பர்லேர்ந்து போன் பண்ணினா. பத்து நாள்ல வந்துடறேன், தேடாதீங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டா. திருப்பிக் கூப்பிட்டா போனை அணைச்சு வெச்சிருக்கா.”

“அவங்க குரல்தானா?”

“என்னங்க இப்படிக் கேக்கறீங்க. தினம் ஏழரை மணிக்கு ஊரே கேக்கற குரல், எனக்குத் தெரியாதா?”

அலறலுக்குப் பிஸ்கட் புரையேறியது. வார்டன் அவன் முதுகில் தட்டினார். கொஞ்சம் பலமாகவே தட்டினார். வாயைத் திறக்காதே என்று அதற்கு அர்த்தம்.

“போன்ல பின்னாடி ஏதாவது சத்தம்?”

“அதுதாங்க சந்தேகமே. யாரோ ஒரு பொம்பளை, ‘வாயை நல்லாத் திற, நாக்கைத் தூக்கு, இன்னும் தூக்கு’ன்னு சொல்லிட்டிருந்தா. உச்சரிப்புப் பயிற்சி. எதிர் சேனல்காரன் அவளைத் தள்ளிட்டுப் போய்ப் பேசப் பழக்கறான். சத்தியமா சொல்றேன்.”

படியிறங்கி வாசலுக்கு வரும்வரை அலறல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். காரில் ஏறியதும் கொட்டித் தீர்த்தான்.

“மேடம், அந்தப் பொண்ணு தொடர்ல ஒரு வார்த்தை சொந்தமாப் பேசினதில்ல. வாயசைக்கறது அவ, பேசறது இன்னொருத்தி. ஏழரை மணிக் குரல்ல போன் வந்ததுன்னா பேசினது குரல்காரிதான்.”

“உனக்குப் புரையேறினப்பவே நினைச்சேன்.”

“தயாரிப்பாளருக்கு இது தெரியாதா?”

“தெரியும். தெரிஞ்சதை மறந்துட்டார். தான் ஊருக்குச் சொன்ன பொய்யைத் தானே நம்பிட்டவங்களை எங்க விடுதியில நிறையப் பார்த்திருக்கேன். குரல்காரி எப்படிப்பட்டவ?”

அலறலுக்கு அவளைத் தெரியும். கதாநாயகி ஆகவேண்டும் என்றுதான் அவளும் வந்தாள். மூக்கு சரியில்லை என்றார்கள். மூக்கு தெரியாத வேலையாகக் கொடுத்தார்கள். இப்போது நாலு தொடர்களில் நாலு கதாநாயகிகள் அவள் தொண்டையில் குடியிருந்தார்கள். காலையில் ஒருத்தியாக அழுவாள், மதியம் இன்னொருத்தியாகக் காதலிப்பாள். தெருவில் போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

“முகம் குடுக்கற கதாநாயகியோட ஒரே வீட்லதான் குடியிருக்கா,” என்றான். “மூக்கு சரியில்லாதவளுக்கு, மூக்கு சரியா இருக்கறவ மேல வயித்தெரிச்சல் இருக்காதா?”

“இருக்கலாம். ஆனா ஆளை ஒழிச்சுக் கட்டினவ பத்து நாள்ல வந்துடறேன்னு எதுக்குச் சொல்லணும்? வண்டியை அவ வேலை பார்க்கற இடத்துக்கு விடு.”

டப்பிங் தியேட்டர் ஒரு கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்தது. வெயில் நுழையாத அறை. நடுவில் கண்ணாடி; அந்தப் பக்கம் மைக், இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளன். அழகாகத் தலை வாரிய இளைஞன். பேச்சில் அப்படி ஒரு குழைவு.

“அவளுக்கு நாலு நாளாத் தொண்டைக் கட்டு மேடம். வீட்ல ஓய்வா இருக்கா.”

“போய்ப் பார்த்தீங்களா?”

“போனேன். வீடு பூட்டியிருந்துது.”

“தொண்டைக் கட்டு வந்தவ வீட்டைப் பூட்டிட்டு எங்க போவா?”

அவன் புன்னகைத்தான்.

அலறல் பழைய பாசத்தில் மைக்கைத் தடவிப் பார்த்தான். அதன் அருகே சிறிய மேசைமேல் தொண்டை மிட்டாய் டப்பா இருந்தது. அவன் கை தானாக நீண்டது. மூடியைத் திறந்து ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோகும்போது வார்டன் அவன் மணிக்கட்டில் ஓர் அடி கொடுத்தார்.

“டப்பாவைத் திறந்ததும் நெடி மூக்குல ஏறியிருக்கணும். இதுல ஒரு வாசனையும் இல்ல பார்.”

டப்பாவுக்குள் விளிம்புவரை வெள்ளையும் நீலமுமாக மாத்திரைகள்.

“அவளோடதுதான்,” என்று ஒலிப்பதிவாளன் வருத்தத்தோடு சொன்னான். “எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் மேடம். கேக்கறதில்ல.”

அலறலின் மூளையில் அந்த நேரம் பார்த்து விளக்கெரிந்தது. எரிந்த விளக்கை மறைத்து வைக்கும் பழக்கம் அவனுக்கு இல்லை.

“மேடம், வாயைத் திற, நாக்கைத் தூக்கு. உச்சரிப்பாவது ஒண்ணாவது. மாத்திரையை முழுங்கினாங்களா, நாக்குக்கடியில ஒளிச்சாங்களான்னு நர்ஸ் பார்க்கறா. அப்படின்னா நம்ம ஆளுங்க வெளிநாட்டுப் படப்பிடிப்புக்குப் போயிட்டாங்க.”

ஊருக்கு வெளியே ஒரு சிகிச்சை இல்லம் இருந்தது. போதைப் பழக்கத்திலிருந்து மீட்கும் இடம். நடிகர் நடிகையர் யாராவது அங்கே சேர்ந்தால், ‘வெளிநாட்டுப் படப்பிடிப்பில் இருக்கிறார்’ என்று பத்திரிகைக்குச் செய்தி கொடுப்பார்கள். நாளடைவில் அந்த இல்லத்துக்கே அதுதான் பெயராகிப் போனது. ஒலிப்பதிவாளனும் நகைச்சுவையைப் புரிந்துகொண்டு சிரித்தான். வார்டன் சிரிக்கவில்லை.

காரில் ஏறிய பிறகு, “நீ சொன்னது சரி. சொன்ன இடம்தான் தப்பு,” என்றார்.

“அவன் நல்லவன் மேடம். எனக்குப் பல வருஷமாத் தெரியும்.”

“நாலு நாளா வராதவளோட டப்பா விளிம்பு வரைக்கும் இருக்கு. அதை நிரப்பி வெச்சது யாரு?”

அலறல் வண்டியை ஊருக்கு வெளியே விரட்டினான்.

சிகிச்சை இல்லத்தில் மரங்கள் இருந்தன, நீண்ட தாழ்வாரம் இருந்தது, கண்டிப்பான வரவேற்பாளர் இருந்தார். “அப்படி ஒரு நடிகை இங்க இல்ல. எங்க நோயாளிங்க விவரத்தை வெளியாளுக்குச் சொல்றதும் இல்ல,” என்று முடித்துக்கொண்டார்.

தாழ்வாரத்துப் பெஞ்சில் ஒருத்தி துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் வழியும் முகம், அள்ளி முடிந்த தலை, காலில் தேய்ந்த செருப்பு. துணைக்கு வந்தவள் போலிருந்தது. அலறல் குனிந்து, “ஏம்மா, இங்க டிவி நடிகை யாராச்சும் சேர்ந்திருக்காங்களா?” என்றான்.

“இல்லண்ணே,” என்றாள். கட்டைக் குரல். தொண்டைக்குள் ஜல்லி கொட்டின மாதிரி.

அலறல் நகர்ந்துவிட்டான். வார்டன் நகரவில்லை. பொதுவாகச் சொல்வதுபோல், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, “தயாரிப்பாளர் வாசல்ல வந்து நிக்கறார்,” என்றார்.

பெஞ்சில் இருந்தவளின் கையிலிருந்து துண்டு நழுவியது. தலை மெல்ல இடப்பக்கம் திரும்பியது, நின்றது. பிறகு வலப்பக்கம் திரும்பியது, நின்றது. கடைசியில் கண்கள் அகல விரிந்து நேரே பார்த்தன. பின்னணி இசை மட்டும்தான் பாக்கி.

“மூணு வருஷம் தொடர்ல நடிச்சா அதிர்ச்சி கூட மூணு தவணையாத்தான் வரும்,” என்ற வார்டன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “யாரும் வரலை. பயப்படாதேம்மா. நீ எப்படி இருக்கே? சாப்பிடறியா? மாத்திரையை விட்டாச்சா?”

“எந்த மாத்திரை?”

“உனக்குத்தானே இங்க சிகிச்சை?”

நாயகி இல்லையென்று தலையசைத்தாள். “நான் துணைக்கு வந்தவ. உள்ள இருக்கறது அக்கா.”

அவள் அக்கா என்றது குரல்காரியை. கூடப் பிறந்த அக்கா அல்ல. ஒரே வீட்டு வாடகையில் கிடைத்த அக்கா.

கட்டைக் குரலில் அவள் சொன்ன கதை நேரானது. நாலு தொடர், ஒரு தொண்டை. காலையிலிருந்து கத்தி அழ வெள்ளை மாத்திரை. அழுதது அடங்கித் தூங்க நீல மாத்திரை. அக்காவிடமிருந்து பிடுங்கிய பட்டையை நாயகி தன் பையில் போட்டு வைத்தாள். அதுதான் மேக்கப் அறையில் சிக்கி அவள் தலையில் விடிந்தது. நாலு நாளைக்கு முன் படப்பிடிப்பில் இருக்கும்போது அக்கா போனில் கூப்பிட்டாள். பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. நாயகி போட்ட வேஷத்தோடு ஓடினாள். குளியலறைக் கதவை உடைத்து அக்காவை வெளியே எடுத்தாள்.

“அவசரத்துல என் போன் செட்லயே போச்சு. மறுநாள் இங்க இருந்து தயாரிப்பாளருக்கு நானேதான் போன் பண்ணினேன். ‘யாருய்யா நீ’ன்னு வெச்சுட்டார். திரும்பப் பண்ணினேன். ‘ஆம்பளைக் குரல்ல மருமகள்னு சொல்றியே, வெக்கமா இல்ல’ன்னு திட்டினார். செட்ல நான் வாயை அசைக்கறதோட சரி. இந்தக் குரல் வெளியில கேக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம். அதான் இன்னைக்கு அக்கா படுக்கையில இருந்தே என்னை மாதிரி பேசினா.”

“உண்மையைச் சொல்லியிருக்கலாமே?”

“என் பேர் கெட்டா ரெண்டு வாரம் எழுதுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. அக்கா மாத்திரை போடறான்னு தெரிஞ்சா நாலு தொடரும் ஒரே நாள்ல போயிடும்.”

“நீ இங்க உக்காந்திருந்தா உன் தொடரும்தான் போகும்.”

“தெரியும்,” என்றாள் நாயகி. கீழே விழுந்த துண்டை எடுத்து மறுபடி மடித்தாள்.

உள்ளறையில் குரல்காரி கட்டிலில் சாய்ந்திருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. அலறலைப் பார்த்ததும், “என்ன அண்ணே, இப்ப எந்த மாடியிலேர்ந்து விழறீங்க?” என்று சிரிக்கப் பார்த்தாள்.

“மாத்திரை குடுத்தது அவன்தானே?” என்று வார்டன் நேரே கேட்டார்.

“கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருத்தர் தினமும் ‘பிரமாதம், இன்னும் ஒரே ஒரு டேக்’னு சொன்னார். அதை நான் காதல்னு எடுத்துக்கிட்டேன். என்னை அதுக்கு முன்னாடி யாரும் பிரமாதம்னு சொன்னதில்ல மேடம்.”

“அவர் என்னன்னு எடுத்துக்கிட்டார்?”

“டேக்னுதான்.”

கதவு திறந்தது. கையில் பூங்கொத்தோடு ஒலிப்பதிவாளன் நின்றான். தோளில் ஒரு பை. கூடவே ஓடிவந்த வரவேற்பாளர், “இவர் வீட்டுக்காரர்னு சொல்லி உள்ள வந்துட்டார்,” என்றார்.

அலறலுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தியேட்டரில் தான் அடித்த ஜோக்கைப் பிடித்துக்கொண்டுதான் இவன் வந்திருக்கிறான்.

“எவ்வளவு தவிச்சுப் போயிட்டேன் தெரியுமா,” என்றான் ஒலிப்பதிவாளன். பூங்கொத்தைக் கட்டிலில் வைத்தான். பையிலிருந்து ஒரு மைக்கையும் சிறிய ஒலிப்பதிவுக் கருவியையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். “வெள்ளிக்கிழமைக் காட்சி மட்டும்தான். நீ எழுந்திருக்கவே வேண்டாம். மாமியார் காலைப் பிடிச்சு அழற காட்சி. படுத்துட்டுப் பேசினா இன்னும் இயல்பா வரும்.”

பிறகு தொண்டை மிட்டாய் டப்பாவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். “கஷ்டமா இருந்தா ஒண்ணே ஒண்ணு போட்டுக்கோ.”

அலறல் பாயப் போனான். வார்டன் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். குரல்காரியின் பார்வை டப்பாவை விட்டு நகரவில்லை. நாயகி கட்டிலின் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தகர மூடி திறந்தால் நாலு நாள் பட்ட பாடு எல்லாம் வீண்.

“இன்னைக்குக் காட்சியெல்லாம் யார் பேசறா?” என்று குரல்காரி கேட்டாள்.

“அதை விடு. ஒரு புதுப் பொண்ணு.”

“என்ன வயசு?”

“இருக்கும், பதினெட்டு. உன் அளவுக்கு வராது. உனக்குக் கிட்டயே வர முடியாது.”

“இப்ப எங்க இருக்கா?”

“தியேட்டர்லதான். வசனத்தைப் படிச்சுட்டு இருக்கா.”

“அவளுக்கும் குடுத்திருக்கியா?”

அவன் மறுபடி புன்னகைத்தான். குரல்காரிக்கு அந்தப் புன்னகை தெரியும். கண்ணாடி வழியாக எத்தனையோ முறை பார்த்தது. டப்பாவைத் திறக்காமலே வார்டன் கையில் கொடுத்தாள்.

“இவன்தான் குடுத்தான்னு யார்கிட்ட வேணும்னாலும் சொல்றேன் மேடம். என் பேர்லயே சொல்றேன். தொடர் போனா போகட்டும். முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட பேசணும்.”

தியேட்டர் எண் அவளுக்கு மனப்பாடம். வார்டனின் போனில் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் இளங்குரல். குரல்காரி தான் யாரென்று சொன்னாள். அவன் கொடுத்ததைப் போட்டுக்கொள்ளாதே என்றாள். தான் எங்கிருந்து பேசுகிறாள் என்பதையும் மறைக்கவில்லை. அவள் முடிக்கும்வரை மறுமுனை பொறுமையாகக் கேட்டது.

“எனக்குப் புரியுதுங்க,” என்றது இளங்குரல். “உங்க இடம் போயிடுமேன்னு பயம். நானா இருந்தாலும் இப்படித்தான் சொல்லுவேன்.” இணைப்பு அறுந்தது.

நாயகி செருப்பை மாட்டிக்கொண்டாள். “நான் போறேன்க்கா. என் மூஞ்சியைப் பார்த்தாலாவது நின்னு கேப்பா.”

“நானும் கூட வந்து, போற வழியில தயாரிப்பாளருக்குச் சொல்லிடலாம்னு பார்த்தேன்,” என்றார் வார்டன். “ஆனா எனக்கு இங்க வேலை இருக்கு.” ஒரு நாற்காலியை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டு அதில் உட்கார்ந்தார். ஒலிப்பதிவாளனைப் பார்த்து, “உக்காருங்க தம்பி. வரவேற்பாளர் போலீஸுக்குப் போன் பண்ணப் போயிருக்கார். நான் கதவுல உக்காந்தா இதுவரைக்கும் யாரும் தாண்டிப் போனதில்ல,” என்றார்.

அலறல் காரை ஓட்டிய விதத்தில் இரண்டு சிக்னல்கள் அவனை மன்னிக்காது. ஒரு ஜோக்கும் வரவில்லை. “என்னாலதான் அவன் அங்க வந்தான்,” என்றான் பாதி வழியில்.

“வந்தது நல்லதாப் போச்சுண்ணே,” என்றாள் நாயகி. “வரலைன்னா அக்கா அவனை இன்னும் நினைச்சுட்டே இருந்திருப்பா.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக்குக்கு முன்னால், தலையில் ஹெட்போனோடு அந்தப் பெண் நின்றாள். மெலிந்த உருவம். திரையில் நாயகியின் முகம் ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்தது. கதவைத் திறந்துகொண்டு அதே முகம் நேரில் வந்ததும் அவள் ஹெட்போனைக் கழற்றக்கூட மறந்துபோனாள்.

“அக்கா, நீங்களா. நான் உங்களைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.”

“நான் சொல்றதைக் கேளும்மா,” என்றாள் நாயகி.

அந்தப் பெண் திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். திரையையும் நாயகியையும் மாறி மாறிப் பார்த்தாள். நாயகி எதையும் மழுப்பவில்லை. குளியலறைத் தரையில் அக்காவின் உதடு என்ன நிறத்தில் இருந்தது என்பதிலிருந்து ஆரம்பித்தாள். கட்டைக் குரல் அந்தச் சின்ன அறையில் முட்டி மோதியது. ஊரில் யாரும் கேட்டிராத குரல். நடிக்கத் தெரியாத குரல்.

அவள் முடித்ததும் அந்தப் பெண் நெடுநேரமாக மூடி வைத்திருந்த இடது கையைப் பிரித்தாள். உள்ளங்கையில் இரண்டு வெள்ளை மாத்திரைகள், வியர்வையில் பாதி கரைந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

“இன்னும் போடலைக்கா,” என்றாள். “பயமா இருந்துச்சு. போட மாட்டேன்னு சொன்னா வேற ஆளைக் கூப்பிட்டுடுவாங்களோன்னு அதைவிடப் பயமா இருந்துச்சு.”

நாயகி அவள் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்து, தன் கையாலேயே அந்த உள்ளங்கையைத் தேய்த்துக் கழுவிவிட்டாள்.